ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கும் இடத்தில் நீங்கள் கண்டது என்ன?

பாசிர் ரிஸ் கூண்டுக்காரன்:
2015 பிப்ரவரி கடைசி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜொகூர் நீரிணையில் ஒரு மிதவை மீன் பண்ணையில் வேலை. நாலு நாளாகவே தண்ணீர் டிகாஷன் நிறத்தில் கிடந்தது. விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தால் கூண்டு முழுக்க வாய்தான். கொடுவா எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அந்தச் சத்தம் இருக்கிறதே, நூறு பேர் ஈரக் கையைத் தட்டுவது போல. காற்றுப் பம்பை ஓடவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. நீரிணைப் பண்ணைகளில் மொத்தம் 500, 600 டன் போயிற்று. ஜொகூர் ஆறு கொண்டுவந்து கொட்டிய சத்துதான் காரணம், பாசி அதைத் தின்று பெருகி மீனைக் கொன்றது என்றார் முதலாளி. நானும் அதையேதான் நம்புகிறேன். வேறு யாராவது பார்த்ததுண்டா?

செம்பவாங் தூண்டில்:
பார்த்திருக்கிறேன் தம்பி, செத்த மீன் அல்ல, அதற்கு முந்திய கட்டம். டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. படகுத்துறையில் கை கழுவ ஒரு வாளி மொண்டேன். உதட்டில் பட்டது, உப்பே இல்லை! ஆற்றுத் தண்ணீர் லேசு, அதனால் மேலே போர்வை மாதிரி படர்ந்து நிற்கிறது.

ஆனால் ஆற்றின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். மழை கொட்டியது டிசம்பரில், மீன் செத்தது பிப்ரவரி கடைசியில். நடுவில் என்ன நடந்தது? 2015 நாட்காட்டியைத் திருப்பிப் பாருங்கள், அது வளர்பிறை அட்டமியை ஒட்டிய நேரம். அட்டமி, நவமியில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் குறைவு, நீவாடு, அதாவது நீரோட்டம், செத்துப்போகும். போதாததற்கு 1924-ல் திறந்த கடற்பாலம் (தூண் மேல் நிற்பதல்ல, கல் கொட்டிய கரை) நீரிணையை நடுவில் அடைத்து நிற்கிறது. கிழக்கே வந்தது மேற்கே போக வழியில்லை. ஆறு கொண்டுவந்தது, கூண்டில் மிஞ்சிய தீனி, மீன் கழிவு எல்லாம் அங்கேயே ஊறும். பகலில் பிராணவாயு விடும் பாசி, இருட்டியதும் அதை இழுக்கும். நீங்கள் விடிகாலையில் கண்டது அதுதான். பாசியில் சில வகை மீனின் செவுளையே அரித்துவிடும், அப்போது பம்பு போட்டும் பயனில்லை.

ஆய்வுக்கூட அக்கா:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் பழுப்பாக இருந்தாலே சத்து என்று எண்ணாதீர்கள். ஒரு ஜூலையில் சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவிலிருந்து எடுத்துவந்த புட்டியை வெள்ளைத் தாளின் மேல் வைத்தேன். வெகு லேசான தேநீர் நிறம். பாசியை வடிகட்டி எடுத்தேன், நிறம் அப்படியே இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது சுமத்ராவின் சதுப்புக் காட்டு ஆறுகளிலிருந்து வருகிற, இலைதழை மக்கிக் கரைந்த கரிமப் பொருள் அது. நைட்ரேட் சத்து அதில் சொற்பம், ஆனால் வெளிச்சத்தை மறைக்கும். உங்கள் கூண்டில் கண்ட நிறம் வேறு, அது பாசியே.

சிலிக்கேட்டையும் மறக்க வேண்டாம். பாறை கரைந்து ஆற்றோடு வருவது அது. கண்ணாடி ஓட்டுப் பாசிக்கு (டயட்டம்) நைட்ரஜன் எவ்வளவு வேண்டுமோ ஏறத்தாழ அதே அளவு சிலிக்கேட்டும் வேண்டும். உரமும் சாக்கடையும் நைட்ரஜனை ஏற்றும், சிலிக்கேட்டை ஏற்றாது. அது தீர்ந்ததும் அந்தப் பாசி நின்றுபோகும், சவுக்கு போன்ற வாலை ஆட்டி நீந்தும் சவுக்குவால் பாசி இடம் பிடிக்கும். செவுளை அரிப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

யாராவது தண்ணீர் எடுப்பதானால், அதே தண்ணீரால் புட்டியை மூன்று முறை அலசுங்கள். வற்றத்தில் ஒன்று, ஏற்றத்தில் ஒன்று எடுங்கள், உப்பளவையும் குறியுங்கள். உப்பு குறையக் குறைய நைட்ரேட் நேர்கோட்டில் ஏறினால் அது ஆற்றுச் சரக்கு. கோட்டை விட்டு மேலே துள்ளினால் இடையில் வேறு யாரோ சேர்க்கிறார்கள். உடனே ஐஸ் பெட்டியில், இருட்டில் வையுங்கள். வெயிலில் அரை நாள் கிடந்தால் புட்டிக்குள் இருக்கும் பாசியே நைட்ரேட்டில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

பாசிர் ரிஸ் கூண்டுக்காரன்:
அக்கா, அன்றைக்கு நாங்கள் ஒரு புட்டிகூட எடுத்து வைக்கவில்லை. மீனை அள்ளி மூட்டை கட்டுவதிலேயே பொழுது போய்விட்டது. தூண்டில் அண்ணே, நாட்காட்டியைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, அட்டமிதான்.