காணாமப் போனவங்க உடம்பு கெடைக்காத வீட்டு ஆளுகளோட பழகுனவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

டெய்லர் அக்கா, நித்திரவிளை:

எனக்க கடை லேடீஸ் டெய்லரிங். கோழிவிளை இலங்கை அகதி முகாம்ல இருந்து ஒரு அம்மா ரொம்ப வருஷமா தைக்க வாறாவ. 1990-ல இலங்கையில சண்டை திரும்பத் தொடங்குனப்ப படகுல ராமேஸ்வரம் வந்து, மண்டபத்துல பதிஞ்சு, அங்கேர்ந்து குமரி மாவட்டத்துக்கு அனுப்புனதாம். தம்பிக்காரன் மட்டும் வரல, வன்னியிலயே இருந்துட்டான். 2009 தொடக்கத்துல புதுக்குடியிருப்புலேர்ந்து ஒரு போன், அதோட சரி. மே மாசம் முள்ளிவாய்க்கால டிவில காட்டுனப்ப இந்த அம்மா ஒரு சொட்டு கண்ணீர் விடல கேட்டியளா, மறுநாள் வந்து எப்பவும் போல பாபின்ல நூல் சுத்திட்டு இருந்தாவ. கடைக்கு வாறவிய எல்லாம் என்ன ஒரு தைரியம்னு சொல்லிட்டுப் போவாங்க.

தைரியமும் இல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி தூக்கம் கெடையாது, நெஞ்சு படபடப்பு, தைச்சிட்டு இருக்கும்போதே ஒரு பெருமூச்சு. கேட்டா "ஒண்டுமில்லை பிள்ளை, யோசனைதான்". ஆஸ்பத்திரில பிரஷர் பாத்து மாத்திரை குடுத்து அனுப்பிருவாங்க, அவ்வளவுதான்.

2017 நவம்பர்ல ஒக்கி புயல் அடிச்சப்ப தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ஆழ்கடலுக்குப் போன நெறைய பேரு திரும்பல. தேடுறதுக்கு ஹெலிகாப்டர் தாழப் பறக்கும். மொத நாள் அந்த சத்தம் கேட்டதும் இந்த அம்மா கத்திரிய போட்டுட்டு கட்டிங் டேபிளுக்கு அடியில போயிட்டாவ, வெளிய வர அரைமணிக்கூர் ஆச்சு. தேடத்தான் வந்துருக்குன்னு அவியளுக்கும் தெரியும், ஆனா உடம்பு கேக்காதுல்லா.

ரெண்டு மூணு மாசம் கழிச்சு கடப்புறத்துலேர்ந்து ஒரு பிள்ள வந்தா. மாப்பிள்ள காணாமப் போனவருல ஒருத்தர். அவருக்க சட்டையக் கொண்டு வந்து மகனுக்கு அளவா வெட்டித் தாங்கன்னு கேட்டா. கேட்டுட்டு சட்டைய விடாம புடிச்சிட்டு நிக்கா. நான் டேப்ப எடுத்துட்டேன், அம்மா வந்து வாங்கி மேசையில விரிச்சாவ. "வெட்ட வேண்டாம் பிள்ளை. உள்ளுக்கு மடிச்சு பெருந்தையலாப் போட்டுத் தாறன். வேணுமெண்டா பிறகு பிரிக்கலாம்." சைடு ரெண்டும், தோளு, கைன்னு ஒரு இடத்துலயும் கத்திரி படாம தைச்சாவ. துணி உள்ள மடிஞ்சு கட்டியாத்தான் இருந்துது, பாக்க கொள்ளாதுதான். அவ ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டுப் போனா.

பொறவு அடிக்கடி வருவா. வீட்டுல ஒரு கூட்டம் பூசை வச்சு முடிச்சிருங்குது, இன்னொரு கூட்டம் எங்கயாவது கரை ஒதுங்கிருப்பாருங்குது, அவளுக்கு ரெண்டும் வெப்ராளம். அம்மா அந்த ரெண்டுல ஒண்ணையும் சொல்ல மாட்டாவ. சாப்பிட்டியா, பிள்ளையள் பள்ளிக்கூடம் போச்சுதோ, இவ்வளவுதான் கேப்பாவ. நம்ம ஊர்ல ஆறுதல் சொல்லப் போறவங்களுக்கு இந்த சின்ன விஷயம் தெரிய மாட்டேங்குதுங்கறது எனக்க அபிப்ராயம், எதையாவது முடிச்சு வச்சாத்தான் நமக்கு நிம்மதி.

உடம்பு இல்லன்னா சாதாரணமா ஏழு வருஷம் காத்திருந்தாத்தான் எறந்ததா எடுத்துக்குவாங்க, ஒக்கிக்கு மட்டும் அத தளர்த்தி காணாமப் போனவங்க வீட்டுக்கும் 20 லட்சம் குடுத்தாங்க. அவ வாங்கத் தயங்குனா, கையெழுத்துப் போட்டா நானே கொன்னதா ஆகும்னா. அம்மாதான் "காசை வாங்கு, பிள்ளையளுக்கு. பேப்பரில அவங்கள் என்னத்தையும் எழுதட்டும், உன்ர மனசில நீ வைச்சிரு"ன்னு அனுப்புனாவ.

உங்களுக்கு இப்படி யாரையாவது தெரியுமா?

குளச்சல்காரன்:

எங்க சித்தப்பா. 2004 சுனாமி, கொட்டில்பாடு. மகளக் கண்டெடுக்கல. இப்பவும் டிசம்பர் 26 கல்லறைக்கு வர மாட்டாரு, அது மத்தவங்களுக்கு உள்ளதுன்னு சொல்லுவாரு. யாரும் கட்டாயப்படுத்துறதில்ல.

முகாம் பையன், பழவிளை:

அக்கா எழுதுனது சரி, ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க ஆளுங்களப் பத்திப் பேசுனாலே சண்டை, குண்டு, பழைய ஞாபகம்னு நிறுத்திருதாங்க. நான் இங்க பொறந்தவன். குண்டு சத்தம் நான் கேட்டதே இல்ல, திருவிழா வெடிதான் கேட்டிருக்கேன். எனக்கும் தூக்கம் வராது. இந்த நாட்டுல 1987 ஜூலை 1-க்கு பொறவு பொறந்தவனுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், எனக்கு ரெண்டு பேரும் இலங்கை. 2019-ல கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தத்துலயும் இலங்கை கெடையாது. டிகிரி முடிச்சிட்டு பெயிண்டிங் வேலைக்குப் போறேன், ஆள் இருக்கான்னு பாக்குற செக்கிங் நாள்னா வேலைய விட்டுட்டு முகாம்ல நிக்கணும். 2021-க்கு பொறவு புது வீடு கட்டிக் குடுக்காங்க, நல்ல விஷயம், நன்றி. ஆனா பொண்ணு பாக்கப் போனா பையன் எந்த நாடுன்னு கேக்கும்போது அந்த வீட்ட வச்சு என்ன சொல்ல?

அக்கா கடையில உள்ள அம்மம்மா தம்பியத் தேடுதாவ, நான் பேப்பரத் தேடுதேன். கிளிநொச்சில காணாமல் ஆக்கப்பட்டவங்க குடும்பம் 2017 பிப்ரவரில ரோட்டோரம் போராட்டத்துல உக்காந்தாங்கல்லா, எங்க பெரியம்மா அதுல உண்டு. அங்க செத்துட்டார்னு எழுதாம ஆளக் காணலைன்னு மட்டும் சான்றிதழ் குடுக்க 2016-லயே சட்டம் வந்தாச்சு. பெரியம்மா அதையும் வாங்கல, பேப்பர் வேண்டாம் பிள்ளை எங்கன்னு சொல்லுங்கறாவ. எங்கள தைரியசாலிங்கன்னு சொல்றவங்க மேல எனக்கு கோபம் ஒண்ணும் இல்ல, ஆனா அதக் கேட்டுக் கேட்டு எங்க ஆளுங்க டாக்டர்ட்ட போகவே வெக்கப்படுதாங்க.

நர்ஸ், தக்கலை:

தம்பி சொன்னது கரெக்ட். வாறவங்க மனசு சரியில்லைன்னு வர மாட்டாங்க, தலைவலி, கைகால் எரிச்சல், வயித்துல வாயுன்னுதான் வருவாங்க. தூக்கம் எப்படின்னு நாமதான் கேக்கணும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு. வெளிய வர வெக்கமா இருந்தா 14416-க்கு போன் போடலாம், டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி லைன், காசு இல்ல, தமிழ்லயே பேசலாம், ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க.

டெய்லர் அக்கா, நித்திரவிளை:

நம்பர எழுதி மெஷின் பக்கத்துல ஒட்டியாச்சு. அம்மாவ ஆசாரிபள்ளத்துக்கு கூட்டிட்டுப் போகக் கேட்டேன், தச்சுக் குடுக்க பிளவுஸ் கெடக்கு பிள்ளைங்கறாவ. தம்பி, செக்கிங் இல்லாத நாளு எதுன்னு சொல்லு, நான் கடைய அடைச்சிட்டு கூடப் போறேன்.