மகளின் பாதத்தில் கூடுதலாக ஓர் எலும்பு: ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா?

உறையூர் அம்மா:
மகளுக்கு 13 வயது, ஏழு வருடமாகப் பரதம் ஆடுகிறாள். ஆடி மாதம் படியிறங்கும்போது இடது கால் பிசகியது. எக்ஸ்ரே பார்த்து, எலும்பு உடைந்திருக்கிறது என்று மூன்று வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். பிரித்தபின் எடுத்த படத்திலும் அந்தத் துண்டு ஒட்டாமல் அப்படியே நின்றது. பயந்துபோய் வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் நன்றாக இருக்கிற வலது காலையும் படம் எடுக்கச் சொன்னார். அங்கேயும் அதே இடத்தில் அதே துண்டு! உடைந்தது இல்லை, பிறவி அமைப்பு, 'அக்ஸசரி நவிகுலர்' என்று பேர் சொன்னார்.

கணுக்காலுக்குக் கீழே, பாதத்தின் உட்பக்கம், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. பள்ளி ஷூ உரசி அந்த இடம் கறுத்தே போய்விட்டது. 'குதித்து மெட்டு' என்கிற அடவில் முன்பாதத்தில் நிற்கும்போது உயிர் போகிறது என்கிறாள். தை மாதம் அரங்கேற்றம். எலும்பை எடுத்துவிட வேண்டும் என்று உறவில் ஒருவர் சொல்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ, தஞ்சை:
பயப்படாதீர்கள் அம்மா. ஏறக்குறைய நூற்றில் பத்துப் பேருக்கு இந்த எலும்பு இருக்கிறது, பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. புதிதாக உடைந்த துண்டின் ஓரம் கூராக, ஒழுங்கில்லாமல் இருக்கும். இதன் ஓரம் கூழாங்கல் போல வழவழப்பாக இருக்கும். உங்கள் மருத்துவர் மறு காலையும் பார்த்தது மிகச் சரி.

வலி எங்கிருந்து வருகிறது என்றால், கெண்டைக்காலிலிருந்து வரும் ஒரு தசைநாண்தான் பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு அது பெரும்பாலும் இந்தக் கூடுதல் எலும்பைப் பற்றியிருக்கும். அந்த எலும்புக்கும் பாத எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பு. கால் பிசகும்போது அந்த இணைப்பு வெடுக்கென்று இழுபட்டிருக்கும். குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் மறுபடி இழுபடுகிறது.

ஆறு வாரம் குதிப்பும் தட்டலும் வேண்டாம். ஷூவுக்குள் வளைவைத் தாங்கும் இன்சோல் வையுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆடுவது வெறுங்காலில் என்பதால் இன்சோல் அங்கே உதவாது. திரும்பி ஆடத் தொடங்கும்போது டேப் ஒட்டப் பழக்குவோம். வலி குறைந்ததும் இரண்டு காலையும் ஊன்றிக் குதிகால் தூக்கும் பயிற்சி, அப்புறம்தான் ஒற்றைக்கால். மாதக்கணக்கில் இதெல்லாம் செய்தும் வலி தீராத சிலருக்கே அறுவை சிகிச்சை.

பந்துவீச்சாளர்:
எனக்கு இருந்தது வேறு எலும்பு, ஓஸ் ட்ரைகோனம். கணுக்காலுக்குப் பின்னால். சிறு வயதில் தனியாகத் தோன்றி, பக்கத்து எலும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டியது, எனக்கு ஒட்டவே இல்லை. பந்து வீசிப் பாதம் கீழ்நோக்கி நீளும்போதெல்லாம் பாக்குவெட்டியில் மாட்டிய பாக்கு மாதிரி நசுங்கும். அணியில் இடம் போய்விடும் என்று ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு வீசினேன், கடைசியில் அறுவை சிகிச்சை வரை போனது. மகள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறாளே, அதை விட்டுவிடாதீர்கள். நடன ஆசிரியரிடம் இன்றைக்கே பேசுங்கள்.

உறையூர் அம்மா:
இருவருக்கும் நன்றி. ஆசிரியரிடம் பேசினேன். அரங்கேற்றம் தள்ளிப்போகட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். மகளை உட்காரவைத்து அபிநயமும் நட்டுவாங்கமும் சொல்லித் தருகிறார். முதல் நாள் அழுதாள், இப்போது தாளக்கட்டையை விடமாட்டேன் என்கிறாள்.

உறையூர் அம்மா (ஏழு வாரம் கழித்து):
மருத்துவர் பார்த்துவிட்டுப் பயிற்சி தொடங்கலாம் என்றார். நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் 10 தடவை தூக்கினாள். பதினோராவதில் லேசாக வலி என்றாள், நிறுத்திவிட்டோம்.