புதுப்பிப்பு: ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் சிஏ பயிற்சி) கிடைத்துவிட்டது

சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பும் முதல் முறையிலேயே பாஸ், பி.காமிலும் நல்ல மதிப்பெண், ஆனாலும் சென்னையில் ஒரு நேர்காணலுக்குக்கூட அழைப்பில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். உங்களில் சிலர் சொன்னபடி, விண்ணப்பிக்கும் இணையப் போர்ட்டலையே பார்த்துக்கொண்டிருக்காமல் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் சின்ன ஆடிட்டர் அலுவலகங்களுக்கு நேரிலேயே போனேன். ஒரு ஆடிட்டர் மதிப்பெண் பட்டியலைப் புரட்டக்கூட இல்லை; கொள்முதல் பதிவேட்டையும் ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் (சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) முன்னால் வைத்து, எந்த பில்லுக்கெல்லாம் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்று கேட்டார். சப்ளையர் தாக்கல் செய்யாத பில்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினேன், அப்புறம்தான் பேச்சே ஆரம்பித்தது. செப்டம்பர் 30-க்குள் வரித் தணிக்கை முடிக்க வேண்டும், அவருக்கும் ஆள் தேவை. சரி, 2 வருடப் பயிற்சி, திங்கட்கிழமை சேர்கிறேன். உதவித்தொகை குறைவுதான். இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் 2பி-யைப் பதிவேட்டோடு ஒப்பிடுவதை டேலி கணக்கு மென்பொருளில் ஒருமுறை செய்து பழகிவிட்டுப் போங்கள்.