எட்டு இன்ச் எஃப்4 நியூட்டோனியன் வாங்கலாமா? வடசென்னை மொட்டை மாடி அனுபவங்கள்

ராயபுரம் மாடி:

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார், வான்படம் எடுக்க எட்டு இன்ச் எஃப்4 நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கிற டெலஸ்கோப்) வாங்கலாமா, எஃப்5 போதுமா என்று. குவியத்தூரத்தைக் கண்ணாடியின் அகலத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண்; எண் சின்னதானால் வேகம், அதாவது படத்தில் வெளிச்சம் சீக்கிரம் சேரும். ஒரு வரியில் சொல்ல வரவில்லை, அதனால் என் கதையையே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் எழுதுங்க.

முதலில் நான் வாங்கியது கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்த ஒரு எஃப்5. நிலாப் பள்ளம், சனி வளையம் என்று தெருவே மாடியேறி வந்து பார்த்தது. அப்புறம் பழைய கேனான் கேமராவை மாட்டினேன். ஃபோக்கஸரை (கேமராவை முன்பின் நகர்த்துகிற பாகம்) கடைசி வரை உள்ளே தள்ளியும் ஒவ்வொரு நட்சத்திரமும் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு நிற்கிறது, புள்ளியாக மாறவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த கேமராவில் சென்சார் முன்வளையத்திலிருந்து 44 மி.மீ. உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அடாப்டரின் நீளம் வேறு. ஒளி குவியும் இடம் அவ்வளவு தூரம் குழாயை விட்டு வெளியே வரவேண்டும், என்னுடையதில் வரவில்லை. படம் எடுக்கவென்றே செய்யும் நியூட்டோனியனில் பிரைமரி என்கிற பெரிய கண்ணாடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து, செகண்டரியையும் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்புகிற சின்னக் கண்ணாடி) பெரிதாகப் போட்டிருப்பார்கள். கடைக்காரர் "கேமரா போடலாம் சார்" என்று சொன்னது பொய்யில்லை, பார்லோ (குவியத்தூரத்தை இரட்டிப்பாக்குகிற லென்ஸ்) போட்டால் ஃபோக்கஸ் வந்தது. ஆனால் எஃப்5 எஃப்10 ஆகிவிட்டது, அதை வைத்து மங்கலான நெபுலா (விண்வெளி வாயு மேகம்) எடுக்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

அந்தக் கோபத்தில்தான் 200 மி.மீ. எஃப்4, அதாவது 800 மி.மீ. குவியத்தூரம் உள்ளதை வாங்கினேன். கணக்கு கவர்ச்சியாகத்தான் இருந்தது: எஃப்5-இல் 100 விநாடி திறந்து வைத்துச் சேர்க்கிற வெளிச்சம் எஃப்4-இல் 64 விநாடியில் சேர்ந்துவிடும். அந்த 36 விநாடியை மிச்சம் பிடிக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

கோமா கரெக்டர் (ஓரத்து நட்சத்திரங்களின் வாலைச் சரிசெய்கிற லென்ஸ்) இல்லாமல் எஃப்4-இல் சென்சாரின் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் சுத்தமாக வரும், மற்றதெல்லாம் வால் முளைத்த நட்சத்திரம். கரெக்டர் வாங்கினால் அதிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. தூரம் வைக்கவேண்டும், இடையில் 2 மி.மீ. கனத்தில் ஒரு ஃபில்டர் போட்டால் அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளவேண்டும். இதெல்லாம் ஒரு நாள் வேலை, முடிந்துவிடும். முடியாத வேலை ஃபோக்கஸ். எஃப்5-இல் ஏறக்குறைய 67 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரை தப்பு பொறுக்கும், எஃப்4-இல் 43 தான், தலைமுடி கனம்கூடக் கிடையாது. என் குழாய் இரும்புத் தகடு, ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 10 மைக்ரான் சுருங்கும். தை மாசத்தில் சாயந்திரம் 28 டிகிரியில் ஃபோக்கஸ் செய்துவிட்டு, கீழே போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் டிவி பார்த்துவிட்டு நடுராத்திரி 23-இல் வந்து பார்த்தால் எல்லாம் உப்பியிருக்கும். இப்போது மணிக்கு ஒருமுறை மாடியேறுகிறேன்.

கோலிமேஷனை, அதாவது இரண்டு கண்ணாடியையும் ஒரே நேராக ஒழுங்குபடுத்துவதை, இன்னும் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுக்க படத்தின் இடது மூலையில் மட்டும் நட்சத்திரம் நீள்கிறது. செகண்டரியைத் திருகினேன், பிரைமரியைத் திருகினேன், கரெக்டர் மேல் சந்தேகப்பட்டேன். கடைசியில் தப்பு செய்தது கோலிமேஷன் பார்க்க நான் நம்பியிருந்த லேசர். அதை ஃபோக்கஸரில் வைத்து மெல்லச் சுற்றிப் பாருங்க, சிவப்புப் புள்ளி கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். என்னுடையது வட்டம் போட்டது. அது சரியான பிறகும் கேமராவின் எடைக்கு ஃபோக்கஸர் லேசாகத் தொங்கியது, குழாயைத் திருப்பினால் பிரைமரி அசைந்தது. மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் போட கெட்டியான ஸ்பிரிங் மூன்று வாங்கி மாற்றினேன். மொத்த செலவிலும் உருப்படியான செலவு அதுதான் என்பேன்.

இன்னொன்று, இந்த ஊர் வானத்தில் எஃப்4 முதலில் சேகரிப்பது தெருவிளக்கை. அரை நிமிஷத்திலேயே படம் வெளுத்துவிடுகிறது. வேகம் வேகம் என்று வாங்கிவிட்டு முப்பது விநாடிப் படங்களாக நானூறு எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணூர்க்காரன்:

அண்ணே, வடை உவமை எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். நான் சொல்ல வந்தது காற்றும் உப்பும். என்னிடம் இருந்தது எட்டு இன்ச் எஃப்5, குழாய் ஒரு மீட்டர் நீளம். கடற்காற்று அடிக்கும்போது அது டெலஸ்கோப் இல்லை, பாய்மரம். கைடிங் (நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து திருத்துவது) காட்டுகிற கோடு ஈசிஜி மாதிரி ஓடும். கைப்பிடிச்சுவருக்குக் கீழே மறைத்து வைத்தால் காற்று படாது, ஆனால் கிழக்கே கடல் மேல் இருக்கிற கொஞ்சம் இருட்டும் போய்விடும், எங்களுக்கு இருக்கிற ஒரே நல்ல திசை அதுதான். அதற்காகவாவது குட்டையான குழாய் நல்லது என்று ஆறு இன்ச்சுக்கு மாறினேன்.

கண்ணாடியில் உப்பு படியும். துணியால் துடைத்துவிடாதீங்க, நான் துடைத்துக் கோடு போட்டவன். முதலில் தண்ணீரை ஓடவிட்டு, ஒரு சொட்டு லிக்விட் சோப், பஞ்சை அழுத்தாமல் இழுத்து, கடைசியில் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். பனி பெரிய கண்ணாடியில் அவ்வளவாக இறங்காது, குழாயே காப்பாற்றும். செகண்டரியில்தான் இறங்கும், அதன் பின்னால் ஒரு சின்ன ஹீட்டர் ஒட்டிவிட்டேன்.

மவுண்டை (டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு திருப்புகிற அமைப்பு) துருவத்தை நோக்கி நேர்செய்யவேண்டும், ஆனால் துருவ நட்சத்திரம் இங்கே 13 டிகிரி உயரம்தான். அந்தப் பக்கம் எனக்கு அனல்மின் நிலையமும் புகைமூட்டமும். துருவத்தையே பார்க்காமல் வானத்தில் மூன்று இடத்தைப் படம் எடுத்து மவுண்டை நேர்செய்கிற வசதி நினா என்கிற வான்பட மென்பொருளில் இருக்கிறது, அது வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. 13 டிகிரிக்கு மவுண்டைச் சாய்த்தால் எதிர் எடை முக்காலிக் காலில் இடிக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்க, என்னுடையதில் இடிக்கும்.

வியாசர்பாடி வானம்:

நான் எஃப்4 கட்சி. மன்னிச்சுக்குங்க. என்னுடையது ஆறு இன்ச், 600 மி.மீ., தூக்கி ஆட்டோவில்கூட வைக்கலாம். இருட்டான வானத்துக்குப் போகிறவர்களுக்கு வேகம் வெறும் கணக்கு இல்லை. வருஷத்தில் மூன்று நான்கு முறை ஜவ்வாது மலைப் பக்கம் போகிறோம், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அமாவாசையும் சனிக்கிழமையும் மேகமில்லாத வானமும் ஒன்றாக வருகிற ராத்திரி எத்தனை என்று எண்ணிப் பாருங்க, அங்கே அந்த 36 விநாடி ரொம்பப் பெரிசு. அந்த மலையில் காவலூரில் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப்பின் பெரிய கண்ணாடி எஃப்3.25. நம்முடைய தலைவலி புதுசில்லை என்று ஒரு ஆறுதல்.

மலைப்பாதையில் போய் இறங்கியதும் கோலிமேஷன் கண்டிப்பாகக் கலைந்திருக்கும், பத்து நிமிஷ வேலை. பழகினால் கை தானாகப் போகும்.

வீட்டில் எடுக்கும்போது ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டு கோடுகளை மட்டும் விடுகிற ஃபில்டர் போடுகிறேன், 656.3, 500.7 நானோமீட்டர். 3 நானோமீட்டர் அகலத்தில் குறுகலானது வாங்கவேண்டாம். எஃப்4-இல் ஓரத்துக் கதிர்கள் ரொம்பச் சாய்ந்து வருவதால் ஃபில்டர் விடுகிற அலைநீளம் நீலப் பக்கம் நகர்ந்து, காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தையே வெட்டிவிடும். வேகமான டெலஸ்கோப்புக்கென்று செய்ததாக இருந்தால் பரவாயில்லை. நான் 7 நானோமீட்டரில் நிற்கிறேன், ரோசெட் நெபுலா தெருவிளக்கை மீறி வருகிறது.

ராயபுரம் மாடி:

மலைக்குப் போகிறவர் கணக்கு வேறு, ஒத்துக்கொள்கிறேன். மாடியை விட்டு நகராதவருக்கு ஆறு இன்ச் எஃப்5, 750 மி.மீ., நல்ல ஃபோக்கஸர், கரெக்டர். எட்டு இன்ச் எஃப்4 அப்புறம். என்னுடையதை விற்கிறீங்களா என்று தனியாகக் கேட்டவருக்கு: இல்லை. திட்டுவேன், விற்கமாட்டேன்.

கேள்வி கேட்ட தம்பி:

எல்லாம் படிச்சேன் அண்ணே, நன்றி. ஒன்று சொல்ல மறந்துட்டேன். என்னிடம் இருக்கிற மவுண்ட் ஈக்யூ3.

ராயபுரம் மாடி:

தம்பி, எட்டு இன்ச் எஃப்4 குழாய் மட்டும் ஏழு எட்டு கிலோ வரும். கேமரா, கரெக்டர், கைடு ஸ்கோப் (கைடிங்குக்கான சின்ன டெலஸ்கோப்) எல்லாம் சேர்த்தால் பத்தைத் தொடும், ஈக்யூ3 அதைத் தாங்காது. டெலஸ்கோப் பணத்தை மவுண்டுக்கு எடுத்துவையுங்க. அதுவரை அந்த ஈக்யூ3 மேல் கேமராவையும் ஒரு 135 மி.மீ. லென்ஸையும் போடுங்க. தை மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஓரியன் நட்சத்திரக் கூட்டம் ஏறக்குறைய தலைக்கு மேல் வந்துவிடும். போகி ராத்திரி மட்டும் வேண்டாம், புகைதான் விழும்.