"இன்னும் எவ்வளவு நேரம்?" - காத்திருக்க வைக்க நீங்க என்ன பண்றீங்க, அனுபவம் சொல்லுங்க

மதுரை அம்மா, பையன் 7 வயசு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், போன வாரம் ரயில்ல நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம்தான் உக்காந்து எழுதுறேன். பையனுக்கு ரெண்டரை வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க, பேச்சு ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். இருட்டு, இடி, ஊசி எதுக்கும் அசர மாட்டான். காத்திருக்கிறது மட்டும் ஆகவே ஆகாது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரில காது டாக்டரை பாக்கப் போனோம், எங்க டோக்கன் 23, உள்ள 9 போயிட்டு இருக்கு. "அஞ்சு நிமிஷம்டா தங்கம், அஞ்சே நிமிஷம்"னு சொல்ல ஆரம்பிச்சேன், ஒண்ணேகால் மணி நேரம் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். கடைசியில தரையில படுத்து தலையை இடிக்க ஆரம்பிச்சுட்டான், நான் கையை அவன் தலைக்கு அடியில கொடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், பக்கத்துல ஒரு அம்மா எனக்கு கேக்கணும்னே "புள்ளைய இப்படியா வளப்பாங்க"ங்கிறாங்க. டாக்டரை பாக்காமலே வந்துட்டோம். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அஞ்சு நிமிஷம்னு சொல்லி சொல்லி அவன்கிட்ட பொய்தானே சொல்லியிருக்கேன்னு அப்பதான் உறைச்சது. அதோட அவனுக்கு அந்த வார்த்தை வெறும் சத்தம். எப்ப முடியும்னு காட்டுறதுக்கு அங்க அவன் கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல.

தெரபிஸ்ட் மேடம்கிட்ட சொன்னப்ப ஒரு அட்டைப்பட்டை செஞ்சு கொடுத்தாங்க. லேமினேட் பண்ணுன நீளப் பட்டை, அதுல வெல்க்ரோவுல அஞ்சு நட்சத்திரம், கடைசியில ஒரு காலி கட்டம், அந்தக் கட்டத்துல எதுக்காக காத்திருக்கோமோ அந்த போட்டோ. ஒவ்வொண்ணா பிச்சு எடுக்கணும், அஞ்சும் போனா போட்டோவுல இருக்கிறது நடக்கும். ஆனா இதை நேரா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகாதீங்க, முதல்ல வீட்டுலன்னாங்க. முறுக்கு டப்பாவை கையில வச்சுக்கிட்டு, பட்டையை காட்டி, டக் டக்னு அஞ்சையும் பிச்சு, உடனே முறுக்கு. முழுசா சேத்து அஞ்சு செகண்ட் கூட இருக்காது. மறுநாள் பத்து, அப்புறம் இருபது. நாலு நிமிஷத்துக்கு வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

நான் பண்ணுன தப்பையும் சொல்லிடுறேன். ரேஷன் கடையில எங்க முறை வர்றதுக்கு முன்னாடியே அஞ்சு நட்சத்திரத்தையும் பிச்சுட்டேன். அவன் எந்திரிச்சு நேரா போய் பில் போடுற மிஷின் மேல கை வச்சுட்டான், எல்லாரும் கத்துறாங்க. அவன் செஞ்சது சரிதான், பட்டை முடிஞ்சதுன்னா நடக்கும்னு நான்தானே பழக்கி வச்சேன். அதுல இருந்து கடைசி நட்சத்திரத்துல கை வைக்கிறதே எங்க முறை கண்ணுக்கு தெரிஞ்ச பிறகுதான்.

இப்ப ரயில் கதை. போன வாரம் வைகை எக்ஸ்பிரஸ்ல சென்னை போனோம், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். நட்சத்திரத்துக்கு பதிலா ஸ்டேஷன் போர்டு போட்டோ ஒட்டுனேன், அந்த மஞ்சள் போர்டு. திண்டுக்கல், திருச்சி, அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம், செங்கல்பட்டு, தாம்பரம், எழும்பூர். ஜன்னல்ல போர்டு தெரிஞ்சதும் கையில இருக்கிறதோட ஒப்பிட்டு பாத்துட்டு அவனே பிச்சு கவர்ல போட்டான், ஒவ்வொரு தடவையும் கவரை தட்டி வேற விட்டான். விழுப்புரம் தாண்டி ஒரு இடத்துல வண்டி நின்னுருச்சு. ரெண்டு பக்கமும் வயல்தான், போர்டு இல்ல. செங்கல்பட்டு அட்டையை பிடிக்கிறான், வெளிய பாக்குறான், விடுறான், திரும்ப பிடிக்கிறான். மூச்சு வேகமாகுது. எனக்கு அந்த அடையாளம் தெரியும், இன்னும் ரெண்டு நிமிஷத்துல வெடிக்கும். ஹேண்ட்பேக்ல துழாவுனா ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட்தான் கிடைச்சது. பெரிய சிவப்பு பொட்டு ஒண்ணு எடுத்து விழுப்புரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல ஒட்டி, "சிவப்பு லைட், ரயில் நிக்குது"ன்னேன். அந்த பொட்டு மேல விரலை வச்சான், எடுக்கவே இல்ல. இருபது நிமிஷம் இருக்கும். வண்டி நகந்ததும் பச்சை பொட்டை அது மேலயே ஒட்டுனேன், அவன் "போ"ன்னான். தெளிவா, "போ".

இன்னைக்கு வரைக்கும் அந்த பட்டையை பேக்ல இருந்து எடுக்கல. உங்க வீட்ல என்ன பண்றீங்க, சொல்லுங்க.


கோவை, ஸ்பெஷல் எஜுகேட்டர்:

அக்கா, அந்த சிவப்பு பொட்டு நாங்க சொல்லித் தர்ற "மாற்றம்" கார்டுதான், நீங்களாவே கண்டுபிடிச்சுட்டீங்க. இதையும் தனியா பழக்கணும், அதுவும் நல்ல மாற்றத்துல இருந்து. அன்னைக்கு என்னென்னன்னு படமா ஒட்டி வச்ச ஷெட்யூல்ல இட்லின்னு இருக்கும், அது மேல மாற்றம் கார்டு வச்சு பூரி கொடுங்க. நாலஞ்சு தடவை இப்படி ஆன பிறகுதான் "பார்க் இல்ல, இன்னைக்கு மழை" மாதிரி கசப்பான மாற்றம். முதல் தடவையே கெட்ட செய்திக்கு அந்த கார்டை நீட்டுனா அதைக் கண்டாலே பயப்படும்.

இன்னொண்ணு, படம்னா எல்லா பிள்ளைக்கும் படம் இல்ல. சில பேருக்கு போட்டோவே புரியாது, பொருளையே கையில கொடுக்கணும், குளிக்கணும்னா சோப்பு டப்பா, வெளிய போகணும்னா செருப்பு. அடுத்து போட்டோ, அப்புறம் கோட்டுப்படம், படிக்கிற பிள்ளைக்கு வெறும் எழுத்தே போதும். இது ஒண்ணும் நேத்து வந்த முறை இல்ல, அமெரிக்காவுல வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்துல எரிக் ஷாப்லர் குழு 1960கள்ல தொடங்கி, 1972ல அந்த மாநிலம் முழுக்க ஆட்டிசம் உள்ளவங்களுக்கான டீச் (TEACCH) திட்டமா கொண்டு வந்தாங்க. அடுத்து என்ன, எப்ப முடியும், இது ரெண்டும் கண்ணால பாத்தா தெரியணும்ங்கிறது அவங்க வேலையோட அடிப்படை.

என் ஆதங்கம் ஒண்ணு இருக்கு. நிறைய வீட்ல "முதல்ல - அப்புறம்" போர்டை மிரட்ட வச்சிருக்காங்க. "முதல்ல எழுது, இல்லாட்டி போன் கிடையாது"ன்னு. அந்த போர்டுல "இல்லாட்டி"க்கு இடமே கிடையாது. முதல்ல இது, அப்புறம் அது, அவ்வளவுதான். பிள்ளை ரெண்டு வரி எழுதி முடிச்சிருச்சுன்னா "அப்புறம்" நடந்தே ஆகணும், "இன்னும் ரெண்டு வரி"ன்னு நீட்டுனீங்கன்னா நாளைக்கு அந்த போர்டை யாரும் நம்ப மாட்டாங்க.


சென்னை அப்பா, பொண்ணு 5 வயசு:

எங்களுக்கு பொண்ணு கையில இருந்து போனை திரும்ப வாங்குறதுதான் தினம் யுத்தம். மணல் கடிகாரம் வாங்குனேன், ஆகல, மணல் விழுறதையே பாத்துட்டு முடியப் போறப்ப திருப்பி வச்சுடுறா. இப்ப டைம் டைமர் மாதிரி ஒரு ஆப், சிவப்பு வட்டம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும், மணி பாக்கத் தெரிய வேணாம். அந்த டைமரை செஞ்சதே ஜான் ரோஜர்ஸ்னு ஒரு அம்மாதான், அவங்க சின்னப் பொண்ணு "இன்னும் எவ்வளவு நேரம்"னு கேட்டுட்டே இருந்ததுக்கு பதிலாம். நம்ம தலைப்பேதான். ஒரு டிப்ஸ், சிவப்பு தீர்ந்ததும் "கொடு"ன்னு கையை நீட்டாதீங்க, ஒரு டப்பாவுல "முடிஞ்சது"ன்னு ஒட்டி வைங்க, பிள்ளைங்களே போனை அதுல போட்டுடுவாங்க. எங்க வீட்ல பாதி சண்டை அதுலயே அடங்கிருச்சு.


29 வயசு, நானே ஆட்டிசம் உள்ளவன்:

எல்லாரும் பிள்ளைங்களை பத்தியே எழுதுறீங்க, நான் பெரியவன், வேலைக்கு போறேன், எனக்கும் இது வேணும். பேங்க்ல டோக்கன் போர்டு இருக்கு, எல்லாருக்கும் தெரியுற மாதிரிதான் இருக்கு, ஆனா 41க்கு அப்புறம் 42 வராது, வேற கவுன்டர் நம்பர் ஒண்ணு வரும், அப்புறம் 44 வரும், 42 எங்க போச்சுன்னு என் மண்டை அதுலயே நிக்கும். காத்திருக்கிறது கூட பரவாயில்ல, முடிவு தெரியாம காத்திருக்கிறதுதான் உடம்பு முழுக்க எரியுற மாதிரி இருக்கும். அதனால ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கேன். போறதுக்கு முன்னாடியே எழுதிடுவேன்: 1. டோக்கன் எடு. 2. நாற்காலி. 3. நம்பர் தப்பி வரலாம், அது தப்பு இல்ல. 4. ஒரு மணி நேரம் ஆனா வெளிய போய் தண்ணி குடி. 5. வேலை முடியலன்னா வீட்டுக்கு வா, நாளைக்கு போ. அந்த அஞ்சாவது வரி இருந்தாதான் முதல் வரியே என்னால செய்ய முடியும்.

பெத்தவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். கார்டு இருக்குன்னு எவ்வளவு நேரம் வேணாலும் உக்கார வைக்காதீங்க. டியூப்லைட் துடிக்குற, ஃபேன் கிரீச்சிடுற, பத்து குழந்தை அழுற ரூம்ல எந்த நட்சத்திரமும் என்னை காப்பாத்தாது. டோக்கனை வாங்கிட்டு வெளிய மரத்தடியில நிக்க விடுங்க, முறை வந்தா கூப்பிடச் சொல்லுங்க. அதை கேக்குறது தப்பே இல்ல, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகைல ஆட்டிசமும் ஒண்ணு.


தஞ்சாவூர் பாட்டி:

பேரனுக்கு 9 வயசு, அவங்க அப்பா ஷார்ஜாவுல இருக்கார். "அப்பா எப்ப, அப்பா எப்ப"ன்னு ஒரு நாளைக்கு நூறு தடவை கேப்பான். நான் அட்டை எல்லாம் செய்யல, சுவத்துல தொங்குற தினசரி காலண்டர்தான். வர்ற தேதித் தாள்ல அவர் போட்டோவை ஒட்டி வச்சேன். தினம் காலையில பல்லு வெளக்குனதும் ஒரு தாள் கிழிப்பான், மிச்சம் எவ்வளவு தடிமன் இருக்குன்னு ரெண்டு விரலால பிடிச்சுப் பாப்பான். நம்பர் அவனுக்கு அவ்வளவா வராது, தடிமன் தெரியும்.

ஒரு தடவை டிக்கெட் மூணு நாள் தள்ளிப் போச்சு. மருமக ராத்திரியோட ராத்திரியா போட்டோவை மாத்தி ஒட்டிடலாம்னா, நான் வேணாம்னுட்டேன். அவன் முன்னாடியே பிச்சு, அவன் கையாலயே மூணு தாள் எண்ண வச்சு, அங்க ஒட்ட வச்சேன். அழுதான், ரொம்ப அழுதான். ஆனா மறுநாள் காலையில வழக்கம்போல வந்து கிழிச்சான். திருட்டுத்தனமா மாத்தியிருந்தா அந்த காலண்டர் பக்கமே வந்திருக்க மாட்டான்.


ஸ்காபரோ அப்பா, கனடா:

என்ர மகளுக்கு 11 வயசு. இஞ்ச விண்டர் வந்தா வெளிக்கிடுறதே பெரிய பாடு. ஸ்னோ பேன்ட்ஸ், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கையுறை, ஒழுங்கு மாறினா எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோடுவா, வெளியில ஸ்கூல் பஸ் நிக்கும். கதவடியில அஞ்சு படம் மேலயிருந்து கீழ ஒட்டி, ஒவ்வொண்டுக்கு பக்கத்திலயும் அந்தந்த உடுப்பை கொழுவி விட்டனாங்கள். நாங்கள் ஒண்டும் கதைக்கிறதில்ல, கதைச்சால்தான் குழம்புறா. விரலால காட்டுறது மட்டும்தான்.

போன கிழமை நான் "வா, போவம்" எண்டு அவசரப்படுத்த, அவா போய் ஃபிரிட்ஜில இருந்த "பொறு" கார்டை எடுத்துக் கொண்டு வந்து என்ர கையில வச்சிட்டு, ஆறுதலா சப்பாத்தை போட்டவா. பஸ்ஸுக்கு கை காட்டி நிப்பாட்டி வச்சுக்கொண்டு நானும் பொறுத்தனான்.


மதுரை அம்மா:

படிக்க படிக்க கண்ணு கலங்குது. பேங்க் தம்பி, உங்க அஞ்சாவது வரியை எங்க பட்டையிலயும் சேக்கப் போறேன், "வீடு" போட்டோ ஒண்ணு பின்பக்கம், முடியலன்னா திருப்பி காட்டட்டும். இத்தனை நாள் அவன் எந்திரிச்சுப் போறதுக்கு நான் வழியே வைக்கல. பாட்டிம்மா, காலண்டர் நாளைக்கே.

அடுத்து எங்களுக்கு முடி வெட்டுறது. மூணு மாசமா தூங்குறப்ப கொஞ்சம் கொஞ்சமா நான்தான் வெட்டிட்டு இருக்கேன். நேத்து தெரு முனை சலூன் அண்ணன்கிட்ட போய் நாற்காலி, துண்டு, சீப்பு, கத்தரி எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்தேன், எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "செவ்வாய்க்கிழமை கடை லீவும்மா, ஷட்டரை பாதி இறக்கி வச்சுக்கலாம், மிஷின் வேணாம், கத்தரியிலயே வெட்டுறேன், புள்ளைய கூட்டிட்டு வாங்க"ன்னாரு. பட்டையில பத்து நட்சத்திரம் போட்டிருக்கேன், பிக்கிற வேலை அண்ணனோடது. பத்து போதுமான்னு அவருதான் கேட்டாரு.