உலர் கண்ணுக்கு ஸ்க்லீரல் லென்ஸ்: போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

திருச்சிக்காரி

வணக்கம். எனக்கு ஷோகிரன் நோய், அதாவது கண்ணும் வாயும் வறண்டு போகிற அந்த வியாதி. காலையில் எழுந்ததிலிருந்தே கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். பள்ளிக்கூடத்தில் ஃபேனுக்குக் கீழே நின்று பாடம் நடத்த முடியவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார முடியவில்லை, மாலையில் விடைத்தாள் திருத்தலாம் என்று உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் கலங்குகிறது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, இரவுக்கு ஜெல், கண்ணீர் வடிகிற துவாரத்தை அடைக்கும் பிளக், எல்லாம் பார்த்தாயிற்று. கீழ் இமையில் தாள் துண்டைச் செருகிக் கண்ணீரை அளக்கிற ஷர்மர் டெஸ்ட்டில் அந்தத் தாள் 3 மில்லிமீட்டர்கூட நனையவில்லை. இப்போது டாக்டர் ஸ்க்லீரல் லென்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். சாதாரண கான்டாக்ட் லென்ஸே உலர் கண்காரர்களுக்கு ஆகாது என்றுதான் இத்தனை நாளும் சொன்னார்கள், இது அதைவிடப் பெரியதாம். தூசி விழுந்தாலே துடிக்கிற கண்ணில் இதை எப்படி வைத்துக்கொள்வது? போட்டவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்.

ஈரவிழி

அக்கா, நான் பல வருஷமாகப் போடுகிறேன். எனக்குக் காரணம் வேறு. வலிப்புக்குக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற, தோலும் கண்ணும் வாயும் புண்ணாகிப்போகிற கடுமையான வியாதி வந்து, உயிர் தப்பியது, கண்ணீர்ச் சுரப்பி தப்பவில்லை.

உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் இது வேலை செய்கிற விதமே வேறு. மெல்லிய சாஃப்ட் லென்ஸ் கருவிழி மேலேயே ஒட்டி உட்கார்ந்து, இருக்கிற கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்க்லீரல் கருவிழியைத் தொடுவதே இல்லை, அதைத் தாண்டி வெள்ளை விழியில்தான் உட்காரும். வலி தெரிகிற நரம்பெல்லாம் கருவிழியில்தான் நெருக்கமாக இருக்கிறது, வெள்ளை விழியில் அவ்வளவு இல்லை. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் சலைன் நிற்கும். போட்டிருக்கும் நேரமெல்லாம் கருவிழி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, இமை வந்து உரசுவதும் இல்லை. மேடுபள்ளமான கருவிழியை அந்தத் தண்ணீர் சமன் செய்துவிடுவதால் பார்வையும் தெளியும். எனக்கு உறுத்தல் அடங்கியதைவிட இதுதான் ஆச்சரியமாக இருந்தது.

போடுவதுதான் ஆரம்பத்தில் சர்க்கஸ். மேஜையில் சுத்தமான துண்டை விரித்து, லென்ஸைப் பிளஞ்சரில், அதாவது லென்ஸைப் பிடிக்கிற சின்ன ரப்பர் உறிஞ்சியில், நிறுத்தி, அதன் குழிக்குள் விளிம்பு வரை சலைனை ஊற்றி, முகவாய் நெஞ்சில் படுகிற அளவு குனிந்து நேரே தரையைப் பார்க்க வேண்டும். ஒரு கையால் இரண்டு இமையையும் விரித்துப் பிடித்து, மறு கையால் லென்ஸைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். கொஞ்சம் சலைன் கன்னத்தில் வழியும், வழியட்டும். உள்ளே காற்றுக் குமிழி மாட்டினால் கண்ணாடியில் வட்டமாகத் தெரியும், அந்த இடம் காய்ந்து எரியும், கழற்றித் திரும்பப் போடுவதைத் தவிர வழியில்லை. கழற்றும்போது பிளஞ்சரை நடுவில் ஒட்டி இழுக்காதீர்கள், கண்ணே பிடுங்கிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். விளிம்புப் பக்கம் ஒட்டி, ஒரு ஓரத்தைத் தூக்கினால் தானாக விட்டுவிடும்.

கடைசிபெஞ்ச்

எதிர்க்கட்சியும் ஒன்று இருக்கட்டும். எங்கள் வீட்டுக்காரருக்கும் உலர் கண்தான், ஒரு கண்ணாடிக் கடையில் இதே ஸ்க்லீரலைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு கார்னியா (கருவிழி) டாக்டரிடம் போனோம். அவர் இமை விளிம்பை லேசாக அழுத்திக் காட்டினார், எண்ணெய் தெளிவாக வர வேண்டிய இடத்தில் பற்பசை மாதிரி கெட்டியாக வந்தது. கண்ணீர் நன்றாகத்தான் சுரக்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் இல்லாததால் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது என்றார். சூடான ஒத்தடம், இமையைத் தினமும் சுத்தம் செய்வது, சில வாரம் மாத்திரை, இவ்வளவிலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது. உலர் கண் என்ற பெயரைக் கேட்டதும் எல்லாரும் லென்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. உங்களுக்கு ஷோகிரன் என்பதால் கதை வேறாக இருக்கலாம், ஆனாலும் இமையையும் பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

லென்ஸ்மேசை

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், இந்த லென்ஸைப் பொருத்துகிற வேலையில் இருக்கிறேன். மேலே சொன்னது சரி. 2017-ல் வந்த சர்வதேச உலர் கண் அறிக்கையிலும் ஸ்க்லீரல் முதல் படியில் இல்லை. சொட்டு மருந்து, இமைப் பராமரிப்பு, பிளக் எல்லாம் போதாதவர்களுக்குத்தான், சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் சொட்டு மருந்தோடு சேர்த்து, அடுத்த படியில் வைத்திருக்கிறார்கள். சகோதரி சொல்வதைப் பார்த்தால் அந்தப் படிக்கு வந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

கருவிழியின் குறுக்களவு 12 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சாஃப்ட் லென்ஸ் சுமார் 14. ஸ்க்லீரல் பெரும்பாலும் 15 முதல் 20 வரை. பெரிதாக இருப்பதால்தான் உறுத்தாது, இமை அதன் விளிம்பில் இடறுவதே இல்லை. ஆனால் அளவு ஒவ்வொரு கண்ணுக்கும் தனி. போட்ட சில மணி நேரத்தில் லென்ஸ் மெதுவாக அமுங்கி உட்காரும், அதற்குப் பிறகும் கருவிழியைத் தொடாமல் இருக்கிறதா என்று சாயம் விட்டு, ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். விளிம்பு ரத்த நாளத்தை அழுத்தினால் அந்த இடம் வெளுத்துத் தெரியும், அப்படியே விட்டால் மாலையில் கண் சிவந்து வலிக்கும். கருவிழியின் உள் அடுக்கில் செல்கள் ரொம்பக் குறைந்தவர்களுக்கு வீக்கம் வரலாம், அதையும் முதலிலேயே சோதித்துவிடச் சொல்லுங்கள்.

மதியத்தில் புகை மூட்டம் போல மங்கும், இது நிறையப் பேருக்கு வருகிற தொல்லை. உள்ளே கசடு சேருவதுதான் காரணம். கழற்றிக் கழுவிப் புது சலைன் ஊற்றினால் சரியாகும், பள்ளிப் பையில் ஒரு குப்பியும் பிளஞ்சரும் இருக்கட்டும். பதப்படுத்தும் மருந்து சேர்க்காத சலைன் மட்டும்தான், ஏனென்றால் மணிக்கணக்கில் அதே தண்ணீர்தான் கருவிழி மேல் நிற்கும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீரில் இருக்கிற அகந்தமீபா என்ற நுண்ணுயிரியின் தொற்றில் பார்வை போனவர்களும் உண்டு, இதில் மட்டும் சலுகையே கிடையாது. போட்டுக்கொண்டு தூங்கவும் வேண்டாம்.

திருச்சிக்காரி

எல்லாருக்கும் நன்றி. இமையைப் பார்த்தார்கள், சுரப்பி பரவாயில்லை என்றார்கள். சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா? செலவு எப்படி? எங்கே போவது?

ஈரவிழி

சொட்டு மருந்து கொஞ்சம் குறையும், நிற்காது. லென்ஸின் வெளிப்பக்கம் காயும் அக்கா, அதற்கும் ஈரம் வேண்டும். இரவில் கழற்றின பிறகு ஜெல் போட வேண்டியதுதான். இது வியாதியைக் குணப்படுத்துகிற சமாச்சாரம் இல்லை, போட்டிருக்கிற வரைக்கும்தான் நிம்மதி.

செலவு ஒரு கண்ணுக்கே பல ஆயிரம். அதனால் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா, எத்தனை மாதத்துக்குள் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத்திலும் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவான முறையில், கண்ணுக்கேற்றபடி தனியாகச் செய்யும் புரோஸ் என்ற ஸ்க்லீரல் வகை லென்ஸ் கிடைக்கிறது, சாதாரண ஸ்க்லீரல் இன்னும் பல ஊர்களில் கிடைக்கிறது.

லென்ஸ்மேசை

ஒன்று விட்டுப்போயிற்று. டிரையல் லென்ஸைப் போட்டதும் பத்து நிமிஷத்தில் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். சில மணி நேரம் போட்டபடியே இருக்க அனுமதி கேளுங்கள். கேன்டீனில் சாப்பிட்டு, ஏசி இருக்கிற இடத்தில் உட்கார்ந்து, ஃபோனில் எதையாவது படித்துவிட்டுத் திரும்பிப் போய்க் காட்டுங்கள். மங்கல் வருகிறதா, எங்கே அழுத்துகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அப்புறம் ஆர்டர் கொடுத்தால் போதும்.