பெசன்ட் நகர் கரையில் பங்குனி ஆமைகள்: நான் பார்த்தது

சென்னை பெசன்ட் நகர் கரைக்கு முட்டையிட வந்த பங்குனி ஆமையை (ஆலிவ் ரிட்லி கடலாமை) பார்த்த சந்தோஷத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தோஷம் வாய்த்திருக்கிறது. ஆனால் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் ஆமைத் தடம் தேடி நடப்பவர்களோடு நானும் போவதுண்டு. மாணவர்கள் 1988 முதல் விடாமல் நடத்திவரும் வேலை இது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் முக்கியமான பருவம். தடம் முடிகிற இடத்தில் குச்சியால் மெதுவாக ஊன்றிப் பார்ப்போம். மணல் சட்டென்று உள்வாங்கினால் அங்கே கையால் தோண்டுவோம். பானை மாதிரிக் குழி, உள்ளே நூறு, நூற்றிருபது முட்டை. எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்தால் 45 நாளுக்கு மேல் குஞ்சுகள் வெளிவரும். முட்டைகளை அங்கேயே விட்டால் நாய் தோண்டிவிடும், அப்புறம் விளக்குத் தொல்லை. குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் ஊர்ந்து போகும், தெருவிளக்கு எரிந்தால் கடலை விட்டுவிட்டுச் சாலைக்கு ஏறிவிடும். அதனால்தான் இடம் மாற்றுகிறோம்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. எல்லாம் வளர்ந்த ஆமைகள். அருகில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர், "மூச்சு முட்டின சாவு தம்பி இது. அடியில மாட்டிக்கிச்சு, மேல வர முடியல" என்றார். ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவது. விசைப்படகு இழுக்கும் இழுவலை மணிக்கணக்கில் கடல் தரையோடு இழுபடும்போது அதில் மாட்டினால் தப்ப வழியில்லை. சிறிய ஃபைபர் படகுக்காரர்கள் வலையை அறுத்து, சிக்கிய ஆமையை விடுவிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அவர்களையும் சேர்த்துத் திட்டுவது அநியாயம்.

ஒரு குஞ்சு வளர்ந்து முட்டையிடப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படி வளர்ந்ததைக் கடலில் சாகவிட்டுவிட்டு, கரையில் முட்டையை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தால் எப்படி ஈடாகும்? கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை வெளியேற வழிவிடும் கருவியை வலையில் பொருத்தவும் முடியும். இரண்டையும் நடைமுறைப்படுத்தச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கரையில் செத்த ஆமையைப் பார்த்தால் இடம், தேதி, படத்தோடு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கணக்கில் வராத சாவுக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.